அரைத்த நாள்: லிங்கராஜபுரத்துச் சிறு கடை ஒன்றின் நான்கு ஆண்டுகள்

பெங்களூரின் கிழக்குப் பக்கம் லிங்கராஜபுரம். அங்கே ஒரு குறுக்குத் தெருவில் என் அண்ணி கடை வைத்திருக்கிறார். பத்தடி அகலம், பதினெட்டடி நீளம். ராகி, கம்பு, சாமை, செக்கு எண்ணெய், வெல்லம், கீரை, நாட்டு முட்டை, இட்லி மாவு, அக்கம்பக்கத்து வீடுகளில் இடிக்கிற பொடி வகைகள். சரக்கு இவ்வளவுதான். காலையில் பஸ்ஸோ ரயிலோ ஏறினால் மாலைக்குள் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடலாம் என்கிற தூரத்தில் விளைந்ததும் செய்ததும் மட்டுமே கடைக்குள் வரும். மாலூர் ராகி, ஓசூர்ப் பக்கத்து எண்ணெய், மண்டியா வெல்லம், ஒசகோட்டைக் கீரை. ஓசூர் தமிழ்நாட்டில் இருக்கிறது, மண்டியா கர்நாடகத்தில் இருக்கிறது. ஆனால் எங்கள் கடைக்கு ஓசூர் நாற்பது கிலோமீட்டர், மண்டியா நூறு. உள்ளூர் என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் அளவு அதுதான்.

2021 அக்டோபரில் ஆயுத பூஜையன்று திறந்தோம். அன்றிலிருந்து கணக்கு எழுதுவது நான். பகலில் எனக்கு வேறு வேலை. இரவு ஒன்பது மணிக்கு ஷட்டர் இறங்கிய பிறகு நோட்டைப் பிரிப்பேன்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் சுற்று வட்டாரத்திலேயே இதே மாதிரி நான்கு கடைகள் நல்ல மனதோடு தொடங்கி இரண்டு வருஷத்துக்குள் மூடிவிட்டன. எங்கள் கடையும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. எந்த இடத்தில் திரும்பியது என்பது கணக்கு நோட்டில் தெளிவாக இருக்கிறது. இப்படி ஒரு கடை வைக்க நினைக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு உதவும் என்று நம்புகிறேன்.

முதல் வருஷம்

அண்ணனின் சேமிப்பும் அண்ணியின் நகைக் கடனும் சேர்த்து முதல் 4,60,000 ரூபாய். வாடகை மாதம் 14,000. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பெங்களூர் வழக்கம், அதற்கே 1,40,000 போய்விட்டது. ரேக், இரண்டு கண்ணாடி ஃப்ரிட்ஜ், தராசு, போர்டு, பெயின்ட் எல்லாம் சேர்ந்து 1,45,000. மீதி 1,75,000க்குச் சரக்கு.

அந்தச் சரக்குப் பட்டியலைப் போட்டவன் நான். வருகிறவர்கள் ஒரு பொருள் இல்லை என்று திரும்பிப் போகக் கூடாது, அப்படிப் போனால் அடுத்த தடவை வரமாட்டார்கள் என்று நினைத்தேன். மொத்தம் 142 பொருள். ஒன்பது வகை அரிசி, ஏழு வகை சிறுதானியம், அதில் ஒவ்வொன்றுக்கும் தானியம், ரவை, மாவு, அவல் என்று நான்கு வடிவம். சிறுதானியத்துக்கு அப்போது நல்ல பேச்சு இருந்தது. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்ததால் பத்திரிகை, டிவி எல்லாவற்றிலும் அதே பேச்சுதான். வரகு மாவு கேட்டு ஒருவர் வந்துவிட்டு இல்லை என்று போனால் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

2022ஆம் ஆண்டின் மாதச் சராசரி இது. விற்பனை 1,90,000. கொள்முதல் போக நின்றது நூற்றுக்கு 18, அதாவது 34,200. அதில் வாடகை 14,000, உதவிக்கு இருந்த பெண்ணின் சம்பளம் 11,000, கரண்ட் 2,400, ஆட்டோவும் பஸ் லக்கேஜும் 4,500. இதுவரை கழித்தால் 2,300 மிஞ்ச வேண்டும். ஆனால் வண்டு விழுந்தது, கசந்தது, வாடியது, புளித்தது என்று தூக்கிப் போட்டது மாதம் 9,500. ஆக ஒவ்வொரு மாதமும் 7,200 ரூபாய் நஷ்டம். காலை ஆறரைக்குக் கடை திறந்து இரவு ஒன்பதுக்குப் பூட்டுகிற அண்ணிக்குச் சம்பளம் என்று ஒரு ரூபாய்கூட இந்தக் கணக்கில் இல்லை.

2023 பொங்கல் முடிந்த வாரம் அண்ணன் கடையை மூடிவிடலாம் என்றார். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் இரவு என்னைக் கூப்பிட்டு, "தம்பி, தூக்கிப் போட்டதை மட்டும் தனியா ஒரு நோட்டுல எழுது. எது, எவ்வளவு, நம்ம கிட்ட எத்தனை நாள் இருந்துச்சு. மூணையும் எழுது" என்றார். முதல் இரண்டை எழுதுவது எனக்கும் தோன்றியிருக்கும். மூன்றாவது தோன்றியிருக்காது.

கம்பு மாவு

அந்த நோட்டை எழுத வைத்தது ஒரு பாட்டி. அல்சூரிலிருந்து மகளைப் பார்க்க வருகிறவர், வரும்போதெல்லாம் அரைக் கிலோ கம்பு மாவு வாங்குவார். ஒரு தடவை பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். கோபமாக இல்லை. "கூழு கசக்குதும்மா. நீ தெரிஞ்சு குடுத்திருக்க மாட்டே. ஆனா எங்க வீட்டுல கம்பு இடிச்சா ரெண்டு நாளைக்கு மேல வெக்க மாட்டோம்" என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. கம்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்குக் கொழுப்பு இருக்கிறது. ராகியில் இரண்டுக்கும் குறைவு. தானியமாக இருக்கிறவரை அந்தக் கொழுப்பு பத்திரமாக இருக்கும். அரைத்தவுடன் தானியத்திலேயே இருக்கும் நொதி கொழுப்பைப் பிரிக்கத் தொடங்குகிறது. சில நாளில் வாடை, அப்புறம் கசப்பு. நாங்கள் பத்துக் கிலோவாக அரைத்த பாக்கெட்டுகளை வாங்கி மூன்று வாரம் ரேக்கில் வைத்திருந்தோம். பாக்கெட்டின் மேல் மூன்று மாதத்துக்குள் பயன்படுத்தலாம் என்று அச்சிட்டிருந்தது. நாங்கள் அதை நம்பினோம். பாட்டி நாக்கை நம்பினார்.

அண்ணி அன்றைக்கே ரேக்கிலிருந்த சிறுதானிய மாவுப் பாக்கெட் அத்தனையையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்து வாயில் போட்டுப் பார்த்தார். 31 பாக்கெட் குப்பைக்குப் போயிற்று. எனக்கு வயிறு எரிந்தது. இப்போது யோசித்தால் இந்தக் கடைக்குச் செய்த செலவிலேயே நல்ல செலவு அதுதான்.

அடுத்த வாரத்திலிருந்து கம்பு, ராகி, சாமை எதையும் மாவாக வாங்கவில்லை. தானியமாக வாங்கினோம். கடைக்கு மூன்று கடை தள்ளி ஒரு பழைய மாவு மில் இருக்கிறது. புதன், சனி இரண்டு நாள் காலையில் அங்கே அரைக்கிறோம். முந்தின நாள் இரவுக்குள் யாருக்கு எத்தனை கிலோ என்று சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. ஃபோன் வேண்டாம் என்கிறவர்கள் கடை வாசலில் தொங்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போவார்கள். ஆர்டர் வந்த அளவோடு, சும்மா வந்து கேட்கிறவர்களுக்காக இரண்டு மூன்று கிலோ கூடுதல். பாக்கெட்டில் சட்டப்படி போட வேண்டியதெல்லாம் போட்டு, அதற்கு மேலே பெரிய எழுத்தில் அண்ணி தன் கையால் எழுதுவார்: அரைத்த நாள்.

இதற்கு வரவேற்பு எப்படி இருக்குமோ என்று பயந்தேன். இரண்டு நிமிஷ நடையில் சூப்பர் மார்க்கெட், பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிற ஆப்கள், இதற்கு நடுவில் புதன்கிழமை வரை யார் காத்திருப்பார்கள் என்று நினைத்தேன். காத்திருந்தார்கள். புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு மாவுப் பை கையில் சூடாக இருக்கும். அந்தச் சூட்டை எந்த ஆப்பும் கொடுக்க முடியாது.

ரேக்கை மாற்றியது

வீணானவற்றின் நோட்டு மூன்று மாதம் ஓடியது. அதை வைத்து அண்ணி கடையைத் தலைகீழாக மாற்றினார். முன்பு அரிசி ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம் என்று வகைவாரியாக இருந்தது. அதைக் கலைத்து நாள்வாரியாக அடுக்கினார். கல்லாவுக்குப் பக்கத்தில், கையெட்டும் இடத்தில் ஒரு நாள் சரக்கு: கீரை, புதினா, கொத்தமல்லி. அதற்கு அடுத்து இரண்டு நாள் சரக்கு: இட்லி மாவு. அப்புறம் ஒரு வாரம் தாங்குகிற கம்பு மாவு, முட்டை. அப்புறம் ஒரு மாதம்: ராகி மாவு, பொடி. கடைசிச் சுவரில் எண்ணெய், வெல்லம், முழுத் தானியம். கடைக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது இன்றைக்கே போக வேண்டிய பொருள். சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணி எழுந்து முன்வரிசையைப் பார்த்தால் போதும், எது மிஞ்சும், யாருக்கு ஃபோன் செய்து சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிடும்.

142 பொருள் 38 ஆனது. ஒன்பது வகை அரிசியில் மூன்று நின்றது. தூரத்திலிருந்து வந்த இந்துப்பு, பேரீச்சை, தேயிலை எல்லாம் போயிற்று. இரண்டு ஃப்ரிட்ஜில் ஒன்றை விற்றோம். விட்ட பொருளைக் கேட்டு வந்தவர்களை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் மாதம் 60 பேர் இருந்திருப்பார்கள், மூன்றாவது மாதம் ஐந்தாறு பேர்தான்.

கீரை விலையில் ஒரு சிக்கல் இருந்தது. தள்ளுவண்டியில் ஒரு விலை, எங்களிடம் ஒரு விலை என்று தினமும் பேச்சு. 1959இல் திராட்சை விவசாயிகளின் சங்கமாகத் தொடங்கிய ஹாப்காம்ஸ் கூட்டுறவுக் கடைகளில் அன்றன்றைக்கு விலைப் பட்டியல் போடுவார்கள். அண்ணி அதைப் பார்த்து, அதற்கு ஒட்டியே விலை வைக்கத் தொடங்கினார். பேரம் நின்றது. கீரையில் எங்களுக்கு லாபம் பெரிதாக இல்லை. ஆனால் கீரைக்காக வருகிறவர்தான் வாரத்துக்கு இரண்டு முறை வருகிறார், கூடவே மாவும் எண்ணெயும் வாங்குகிறார்.

எண்ணெயும் ராகியும்

செக்கு எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கேள்வி வருவது அதில்தான். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு மரச்செக்கில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ கடலைப் பருப்பு வேண்டும். 2023இல் நாங்கள் கணக்குப் பார்த்தபோது பருப்பு கிலோ 120 ரூபாய். அப்படியானால் லிட்டருக்குப் பருப்பு மட்டும் 300. பிண்ணாக்கு விற்று வருவது 63 என்று கழித்தால் 237. ஆட்டுகிற கூலி 35, பாட்டில் 13. அடக்கவிலையே 285. நாங்கள் விற்றது 330. நின்றது 45 ரூபாய், நூற்றுக்கு 14கூட இல்லை. அதே நேரத்தில் தெருவில் செக்கு எண்ணெய் என்று 220க்கு விற்றார்கள். அதில் என்ன கலந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. பருப்பு விலையைக் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள், அவ்வளவுதான். இந்தப் பெருக்கலை அண்ணி ஒரு அட்டையில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி எண்ணெய் ரேக்கில் மாட்டினார். பருப்பு விலை மாறும்போதெல்லாம் அட்டையும் மாறும். விலையைப் பற்றிய சந்தேகம் அதோடு முடிந்தது. சிலர் அட்டையை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

எண்ணெயில் எங்கள் பக்கம் நடந்த தப்பு வேறு. தேவை அதிகமான ஒரு மாதத்தில் ஆட்டிய மறுநாளே பாட்டிலில் ஊற்றி வாங்கி வந்துவிட்டோம். கசடு கீழே இறங்க நான்கைந்து நாளாவது வேண்டும். கலங்கலாக இருக்கிறது என்று எட்டு பாட்டில் திரும்பி வந்தது. மாவுக்கு நாள் குறைய வேண்டும், எண்ணெய்க்கு நாள் ஆக வேண்டும். எண்ணெய் ரேக்கில் இப்போது ஆட்டிய நாளும் தெளிந்த நாளும் இரண்டும் எழுதியிருக்கும்.

ராகி கதை இன்னும் பெரிது. பெங்களூரைச் சுற்றிய மாவட்டங்களில் ராகி மழையை நம்பி ஆனி, ஆடியில் விதைத்துக் கார்த்திகை, மார்கழியில் அறுப்பது. அறுத்த கதிரை ரோட்டில் பரப்பி, போகிற வண்டிச் சக்கரத்தில் போரடிக்கிற வழக்கம் இந்தப் பக்கம் உண்டு. கோலார் ரோட்டில் டிசம்பரில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ராகியில் மண்ணும் பொடிக்கல்லும் சேர்ந்துவிடும். முதல் வருஷம் மண்டியில் வாங்கிய ராகியைப் புடைத்துக் கல் பொறுக்கவே ஒரு ஆளின் அரை நாள் போனது. அண்ணி கே.ஆர்.புரத்தில் ரயிலேறி மாலூர் போனார். களத்தில் உருளைக்கல் ஓட்டிப் போரடிக்கிற ஒரு விவசாயியைப் பிடித்தார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார், சந்தையில் கன்னடம் பேசுவார், அண்ணிக்காகத் தமிழ் பேசுவார்.

ஆனால் அவருக்கு எங்களிடம் விற்க என்ன அவசியம்? 2023-24இல் ராகிக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு, அதாவது நூறு கிலோவுக்கு, 3,846 ரூபாய். அரசு கொள்முதல் நிலையத்தில் கொடுத்தால் மொத்தமாகப் போய்விடும். நாங்களோ மாதம் இரண்டு குவிண்டால்தான் எடுப்போம், மீதியை அவரே வீட்டில் வைத்திருக்க வேண்டும். அண்ணி கிலோவுக்கு 42 ரூபாய் பேசினார். அதோடு அறுவடை முடிந்ததும் மூன்று மாதச் சரக்குக்கு முன்பணம். அடுத்த வருஷம் ஆதரவு விலை 4,290 ஆனதும் எங்கள் விலை 47 ஆனது. பெரிய வியாபாரி இப்படி விலை ஏற்றமாட்டார். ஆனால் எங்களுக்கு வருகிற ராகியில் கல் இல்லை. அரை நாள் கூலி மிச்சமானதைக் கணக்கில் சேர்த்தால் 47 ரூபாய் அதிகமில்லை.

வேர்க்கடலை இருக்கிறதா?

பொடி, தொக்கு, வடகம் எல்லாம் எங்கள் தெருவைச் சுற்றியுள்ள ஐந்து வீடுகளில் செய்கிறார்கள். ஆரம்பத்தில் அண்ணி அவர்களிடம் வாங்கி, பாலித்தீன் கவரில் போட்டு, பெயரை மட்டும் எழுதி வைத்தார். உணவுப் பாதுகாப்புத் துறையின் அப்போதைய விதிப்படி வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு, வருஷம் 100 ரூபாய்; அதைத் தாண்டினால் மாநில உரிமம், வருஷம் 2,000 ரூபாய். நாங்கள் பதிவு மட்டும் எடுத்துத் தொடங்கி, ஏழாவது மாதத்தில் 12 லட்சத்தைத் தாண்டியதும் உரிமத்துக்கு மாறினோம். கடைக்குக் காகிதம் இருக்கிறது, போதும் என்று இருந்துவிட்டோம்.

2023 ஆகஸ்டில் ஒரு நாள். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற வழியில் ஒரு அம்மா பருப்புப் பொடி எடுத்தார். கல்லாவில் வைத்துவிட்டு, "அக்கா, இதுல வேர்க்கடலை இல்லதானே? இவனுக்கு ஆகாது, உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு வாங்கும்" என்றார். அண்ணி இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திவிட்டு, பொடி இடிக்கிற வீட்டுக்கு ஃபோன் செய்தார். அந்த மாதம் பொட்டுக்கடலை விலை ஏறியதால் பாதிக்குப் பாதி வேர்க்கடலை சேர்த்திருக்கிறார்கள். ருசி நன்றாக இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

அன்று இரவு கடை பூட்டிய பிறகும் அண்ணி வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தார். அந்தப் பிள்ளைக்கு ஆறு வயசுகூட இருக்காது.

மறுநாளே ஐந்து வீட்டுப் பொடியையும் ரேக்கிலிருந்து இறக்கினோம். திரும்ப ஏற ஏழு வாரம் ஆனது. ஐந்து பேருக்கும் தனித்தனியாகப் பதிவு எடுத்தோம். வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு வாடகை ஒப்பந்தத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் நேரம் பிடித்தது. ஒவ்வொரு பொடிக்கும் ஒரு அட்டை: என்னென்ன சேர்கிறது, எந்த அளவில். அட்டையில் இல்லாத எதையும் சேர்க்க நினைத்தால் முன்னால் சொல்ல வேண்டும், லேபிள் மாறிய பிறகுதான் பொடி மாறும். வேர்க்கடலை, பால், கோதுமை, முந்திரி மாதிரிப் பருப்பு வகைகள், எள், சோயா இருந்தால் தடித்த எழுத்தில் தனி வரி. எள்ளை நாங்களாகவே சேர்த்துக்கொண்டோம். செய்கிறவரின் பெயர், பதிவெண், எடை, விலை, செய்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், புகாருக்கு ஃபோன் நம்பர் எல்லாம் லேபிளில் வந்தது. இதெல்லாம் சட்டத்தில் முன்பே இருந்ததுதான். சிறு கடைக்கு யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று எல்லோரும் நினைப்பது போல நாங்களும் நினைத்தோம். தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட மறக்காத நாங்கள் பொடிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

போர்டும் வரியும்

திறக்கும்போது போர்டில் ஆர்கானிக் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தோம். முறையான சான்று இல்லாத பொருளை அந்தப் பெயரில் கடையில் விற்கக் கூடாது. வருஷம் 12 லட்சத்துக்குள் விற்கும் சிறு விவசாயி நேராக வாடிக்கையாளரிடம் விற்றால் மட்டும் விலக்கு உண்டு. நடுவில் கடை வந்தால் அது இல்லை. மாலூர்க்காரர் மருந்து அடிப்பதில்லை, ஆனால் அடியுரமாக டிஏபி என்ற ரசாயன உரம் போடுகிறார். அதை அவரே மறைக்காமல் சொன்னார். 2024 தொடக்கத்தில் கர்நாடகத்தில் பெயர்ப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும், அது மேல் பாதியில் வர வேண்டும் என்று சட்டம் வந்தபோது எப்படியும் போர்டு மாற்ற வேண்டியிருந்தது. மேலே கன்னடம், கீழே தமிழும் ஆங்கிலமும், ஆர்கானிக் எடுத்தாயிற்று. அந்த வார்த்தை போனதால் ஒருவர்கூட வராமல் போகவில்லை. கன்னடம் மேலே வந்ததும் அதுவரை எட்டிப் பார்க்காத எதிர்வரிசை வீடுகளிலிருந்து ராகிக்கு ஆள் வந்தார்கள். ராகியும் அக்காவும் இரண்டு மொழியிலும் ஒரே சொல்தான்.

வரி விஷயம் 2025 ஜூலையில் பெரிதாக வெடித்தது. யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைகளுக்கு மாநில வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியதும் ஊர் முழுக்கக் கடைகளில் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு, யுபிஐ இல்லை, பணம் மட்டும் என்று காகிதம் ஒட்டினார்கள். எங்கள் தெருவிலேயே மூன்று கடை. எங்களுக்கு நோட்டீஸ் வரவில்லை. பொருள் விற்கிறவர் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டிய வரம்பு வருஷ விற்பனை 40 லட்சம், நாங்கள் 36 லட்சத்தைத் தாண்டி நெருங்கிக்கொண்டிருந்தோம். வரி இல்லாத கீரை, முட்டை, சில்லறையாக அளந்து விற்கும் தானியம் மட்டும் விற்றால் பதிவே தேவையில்லை. ஆனால் வரி உள்ள பொருள் ஒன்றிரண்டு சேர்ந்துவிட்டால், வரம்பைக் கணக்கிடும்போது வரி இல்லாத விற்பனையும் சேர்த்தே எண்ணப்படும். 2022 ஜூலை 18 முதல் லேபிள் ஒட்டிய தானியப் பாக்கெட்டுக்கு 5 சதவீத வரி. அதே ராகியைச் சாக்கிலிருந்து அளந்து கொடுத்தால் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் பயந்தவர்கள்தான் அதிகம். நாங்கள் க்யூஆர் அட்டையை எடுக்கவில்லை. சிறு வியாபாரிகளுக்கான தொகுப்பு வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) நாங்களாகவே பதிந்துகொண்டோம். வரி உள்ள விற்பனையில் 1 சதவீதம். மாதம் ஆயிரத்து சொச்சம் போகிறது. ராத்திரி தூக்கம் வருகிறது.

கோடையும் மார்கழியும்

2024 கோடையை மறக்க முடியாது. மார்ச்சில் ஊரே தண்ணீருக்குத் தவித்தது, ஏப்ரல் கடைசியில் வெயில் 38 டிகிரியைத் தாண்டியது. இரண்டு நாள் தாங்குகிற இட்லி மாவு ஒன்றரை நாளில் பொங்கி வழிந்தது. கீரை அலசத் தண்ணீர் இல்லை. அண்ணி அந்த ஒன்றரை மாதம் மாவை காலையில் மட்டும் விற்றார், கீரையை வாரத்தில் ஒரு நாளாகக் குறைத்தார். விற்பனை சரிந்தது, ஆனால் தூக்கிப் போட்ட கணக்கு ஏறவில்லை. 142 பொருள் வைத்திருந்த காலத்தில் அப்படி ஒரு கோடை வந்திருந்தால் அந்த மாதமே மூடியிருப்போம்.

அதற்கு நேர்மாறு மார்கழி, தை. மாகடிப் பக்கத்து அவரைக்காய் வரும். கையில் பிசுபிசுவென்று ஒட்டும் அந்த வாசனைக்குக் கன்னடத்தில் சொகடு என்று பெயர். பெங்களூர்த் தமிழர்களும் அப்படியே சொல்வோம். ஊற வைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பிதுக்கம்பருப்புக்கு வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் உயிரையே விடும். அதன் ஆயுசு ஒரு நாள். பொடி செய்கிற ஐந்து வீட்டுப் பெண்களும் கடை வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பிதுக்குவார்கள், வாங்குகிறவர்கள் நின்று கதை பேசிவிட்டு வாங்கிப் போவார்கள். நான்கு வருஷத்திலும் அந்த ஆறு வாரம் ஒரு கிலோ பிதுக்கம்பருப்புகூட மிஞ்சியதில்லை. ஆர்டருக்கு மட்டும்தான் ஊற வைப்பது.

இப்போதைய கணக்கு

2023இன் பிற்பாதியில் மாத விற்பனை சராசரி 2,35,000. நின்றது நூற்றுக்கு 23, அதாவது 54,050. வாடகை 15,500, சம்பளம் 12,000, கரண்ட் 2,100, வண்டிச் செலவு 6,000, வீண் 2,000. மிச்சம் 16,450. 2025இல் விற்பனை 3,05,000, நின்றது 71,600. எல்லாச் செலவும், வீண் 2,200ம் போக அண்ணி கைக்கு ஏறத்தாழ 29,000 வருகிறது. வரி கட்டத் தொடங்கிய பிறகு 28,000. நகைக் கடன் அடைந்துவிட்டது.

பதினான்கு மணி நேர வேலைக்கு இது பெரிய சம்பளம் இல்லை. ஒரு ஐடி கம்பெனி கேன்டீனில் மேற்பார்வைக்குப் போனால் இதைவிடக் கிடைக்கும் என்று அண்ணன் இன்றும் சொல்வார். அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் மாலூர்க்காரர், செக்குக்காரர், கீரை கொண்டுவருகிறவர், பொடி செய்கிற ஐந்து பேர், உதவிக்கு இருக்கிற பெண் என்று ஒன்பது வீட்டுக்கு இந்தப் பத்தடிக் கடையிலிருந்து மாதா மாதம் பணம் போகிறது. அதை லாபக் கணக்கில் எந்த வரியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் எழுதாமல் விட மனசில்லை.

போன மாதம் ஒரு வாடிக்கையாளர், பெங்களூரிலேயே ஓரமாவு என்ற இடத்தின் பக்கம் தன் கட்டடத்தில் தரைத்தளம் காலியாக இருக்கிறது, இரண்டாவது கடை போடுங்கள், அட்வான்ஸ் பாதி போதும் என்றார். நானும் அண்ணியும் போய்ப் பார்த்தோம். ரோட்டுமுனை, நல்ல வெளிச்சம், சுற்றிலும் அடுக்குமாடி. எங்கள் கடையைப் போல இரண்டு மடங்கு இடம். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அண்ணி உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்து தெருவின் இரண்டு பக்கமும் நடந்தார். அப்புறம் அந்தக் கட்டடக்காரரிடம் கேட்டார்: "இங்க மாவு மில் எங்கண்ணா இருக்கு?"

அவர் யோசித்துப் பார்த்து, ஒன்று இருந்தது, மூடிவிட்டார்கள், இப்போது இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும் என்றார். அண்ணி நன்றி சொல்லிவிட்டு ஆட்டோவை நிறுத்தினார். மறுநாள் புதன்கிழமை. கம்புக்கு 14 கிலோ ஆர்டர் இருந்தது.